கடல் தாண்டிய எதிரியைக் கொண்டுவரும் காகிதக் கட்டு

குற்றம் செய்தவர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார் என்று செய்தி வந்தால், நம் போலீஸாரும் அடுத்த விமானத்தில் ஏறி அவரைக் கைவிலங்கு மாட்டி அழைத்து வந்துவிடுவார்கள் என்றே பலரும் எண்ணுகிறோம். சினிமாவில் அப்படித்தான் நடக்கிறது. உண்மையில் முதலில் புறப்பட்டுப் போவது போலீஸ் அல்ல. ஒரு காகிதக் கட்டு. நூல் கோத்து, முத்திரை வைத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, வேற்று மொழியில் மொழிபெயர்த்து அனுப்பப்படும் கட்டு. அது அந்நிய நாட்டு நீதிபதியின் மேஜையில் போய் உட்கார்ந்து, நம் நாட்டுக்காகப் பேச வேண்டும். அது சரியாகப் பேசினால் எதிரி வருவார். தடுமாறினால் வரமாட்டார்.

ஆபீஸ்களில் கோப்புகளோடு வாழ்க்கை நடத்தும் நம்மவர்களுக்கு இந்தக் கட்டின் கதை சுவையாக இருக்கும். அதிலும் நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த ஐதராபாத்துக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. இந்தியா வெளிநாட்டிலிருந்து கேட்டுப் பெற்ற எதிரிகளில் பெரிதும் பேசப்பட்டவர் அபு சலீம். அவருடைய வழக்குகளில் ஒன்று நம் ஊர்க் கோர்ட்டில் நடந்தது. அதுவும் காகிதத்தைப் பற்றிய வழக்குதான்.

கர்நூல் விலாசம்

1993 மார்ச் 12-ந் தேதி பம்பாயில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து 257 பேர் மாண்டார்கள். அந்த வழக்கில் தேடப்பட்டவர் அபு சலீம். தேடப்படும் ஒருவர் சொந்தப் பெயரில் பாஸ்போர்ட் எடுக்க முடியாது. ஆகவே 2001-ல், கர்நூலில் குடியிருப்பவர் போல ஒரு விண்ணப்பம் எழுந்தது. விண்ணப்பத்தில் இருந்த பெயர் ராமில் கமில் மாலிக். அவருடன் இருந்த இந்தி நடிகை மோனிகா பேடிக்கு சனா மாலிக் கமால் என்று பெயர். கர்நூல் விலாசம், போலீஸ் சரிபார்ப்பு அறிக்கை, செகந்திராபாத் பாஸ்போர்ட் ஆபீஸ் முத்திரை, தபாலில் பட்டுவாடா என்று எல்லாம் முறைப்படி நடந்ததாகவே காகிதம் சொல்லிற்று. அந்த விலாசத்தில் அப்படி யாரும் குடியிருக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

2002 செப்டம்பர் 18-ந் தேதி போர்ச்சுகல் நாட்டுத் தலைநகர் லிஸ்பனில் இருவரும் பிடிபட்டார்கள். பொய்ப் பத்திரங்கள் வைத்திருந்த குற்றத்துக்காக அந்த நாட்டிலேயே வழக்கு நடந்து, அங்கேயே தண்டனையும் பெற்றார்கள். ஆனால் பம்பாய் குண்டுவெடிப்பு வழக்கு போர்ச்சுகலுக்குரியதல்ல. அதற்கு அவர்களை இந்தியாவிடம் ஒப்படைக்க வேண்டும். அதை இந்தியா எழுத்தில் கேட்க வேண்டும். இந்தக் கேட்டலுக்கும் கொடுத்தலுக்கும்தான் 'எக்ஸ்ட்ரடிஷன்' என்று பெயர். தமிழில் 'கைதி ஒப்படைப்பு' என்று சொல்லலாம்.

நேரே போய்ப் பிடித்து வந்தால் என்ன?

இப்படி ஒரு கேள்வி எழுவது இயற்கை. விடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. லிங்கம்பள்ளி தாண்டி, விகாராபாத் போகும் ரயில் பாதையில் சங்கர்பள்ளி என்று ஒரு ஸ்டேஷன் வரும். வாடி வழியாகப் பம்பாய் போயிருக்கும் அன்பர்கள் பலமுறை அதைக் கடந்திருப்பார்கள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் கடைசியில், முகம்மது யூசுப் உத்தீன் என்ற நிஜாம் பிரஜை அந்த ஸ்டேஷனில் கைது செய்யப்பட்டார். கைது வாரண்டு வந்த இடம் சிம்லா. அதில் கையெழுத்திட்டவர் பிரிட்டிஷ் இந்திய மாஜிஸ்திரேட்.

அப்போது ஐதராபாத் நிஜாமின் சமஸ்தானம். ஆனால் ரயில் பாதை ஓடும் நிலத்தில் பிரிட்டிஷாருக்கு அதிகாரம் விட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. அந்த அதிகாரத்தைச் சொல்லித்தான் கைது நடந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1897-ல் தீர்ப்பு வந்தது. ரயில்வே நிர்வாகத்துக்காகத் தரப்பட்ட அதிகாரம் ரயில்வே சம்பந்தமான காரியங்களுக்கு மட்டுமே செல்லும். ரயிலோடு சம்பந்தமில்லாத, வேறோர் இடத்துக் குற்றத்துக்காக நிஜாமின் எல்லைக்குள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போக அது இடம் தராது. ஆகவே கைது செல்லாது. இதுவே தீர்ப்பின் சாரம்.

அந்நாளில் இந்தியாவையே ஆண்டவர்கள் பிரிட்டிஷார். நிஜாமோ அவர்களுக்குக் கட்டுப்பட்டவர். அப்படியிருந்தும் ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் நடந்த கைதை அவர்களுடைய உச்ச கோர்ட்டே ரத்து செய்தது. ஒரு நாட்டின் எல்லைக்குள் இன்னொரு நாட்டின் வாரண்டு வெறும் காகிதம்தான் என்ற விதி அன்றும் இன்றும் ஒன்றே. அந்தக் காகிதத்துக்கு உயிர் கொடுக்க வேண்டியவர், எதிரி இருக்கும் நாட்டின் நீதிபதி.

கட்டில் என்னென்ன இருக்கும்?

இந்தியாவில் இதற்கென இருக்கும் சட்டம் 1962-ம் ஆண்டின் கைதி ஒப்படைப்புச் சட்டம். 1993-ல் அது பெரிய அளவில் திருத்தப்பட்டது. அந்தச் சட்டத்தையும், அந்தந்த நாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் ஒட்டிக் கட்டு தயாராகிறது. சாதாரணமாக அதில் இருக்க வேண்டியவை இவை:

முதலாவது, பிரமாண வாக்குமூலம். விசாரணை அதிகாரி மாஜிஸ்திரேட் முன்னிலையில் சத்தியம் செய்து கொடுப்பது. வழக்கின் வரலாறு, எதிரியின் பங்கு, சாட்சிகள் சொன்னவை, கிடைத்த தடயங்கள் எல்லாம் இதில் அடங்க வேண்டும். வேறு எதையும் புரட்டாமல் இதை மட்டும் படித்தாலே வழக்கு விளங்க வேண்டும். எதிரி குற்றவாளி என்று இங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. அவரைக் கூண்டில் ஏற்றப் போதுமான முகாந்திரம் இருக்கிறது என்று காட்டினால் போதும்.

இரண்டாவது, முதல் தகவல் அறிக்கையின் நகல், கோர்ட்டின் மேலொப்பத்துடன். மூன்றாவது, குற்றப்பத்திரிகையின் நகல், கோர்ட் அத்தாட்சியுடன். விசாரணை முடியும் முன்பே கோரிக்கை அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்நிய கோர்ட்டில் நிற்கக்கூடிய ஆதாரம் அதற்குள் கையில் இருந்தாக வேண்டும்.

நான்காவது, மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. குற்றப்பத்திரிகையைப் பரிசீலித்தேன், வழக்கைக் கோப்பில் எடுத்துக்கொண்டேன், இவரை விசாரணைக்கு நிறுத்த ஆதாரம் இருக்கிறது, இன்ன நாட்டிலிருந்து இவரை வரவழைக்க வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பிடிவாரண்டு. குறிப்பிட்ட தேதியோடு காலாவதியாகிவிடாத வாரண்டாக இது இருக்க வேண்டும். எந்தெந்தப் பிரிவுகளில் கோர்ட் வழக்கை ஏற்றுக்கொண்டதோ அந்தப் பிரிவுகள் மட்டுமே இதில் வர வேண்டும். ஒன்று கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல்.

ஆறாவது, சட்டப் பிரிவுகளின் வாசகம். எந்தக் குற்றம், அதற்கு எவ்வளவு தண்டனை என்பதை அப்படியே எடுத்தெழுதித் தர வேண்டும். அந்நிய நாட்டு நீதிபதி நம் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போகமாட்டார். இதில் இப்போது புதிதாக ஒரு கவனம் வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன் நடந்த குற்றமானால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவையே காட்ட வேண்டும்.

ஏழாவது, ஆள் அடையாளம். போட்டோ, விரல் ரேகை, அங்க அடையாளங்கள், பாஸ்போர்ட் விவரம் முதலியன. ஒருவரே இரண்டு மூன்று பெயர்களில் திரிந்தால், ராமிலும் சலீமும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது.

எட்டாவது, மொழிபெயர்ப்பு. தெலுங்கில் பதிவான வாக்குமூலம் முதலில் ஆங்கிலத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து, தேவைப்பட்டால், போர்ச்சுகீசிய மொழிக்கோ ஸ்பானிய மொழிக்கோ அரபிக்கோ போக வேண்டும். ஒரு சொல் பிசகினால் குற்றமே வேறாகிவிடும்.

இத்தனையும் ஒரே கட்டாகி, கோர்ட் முத்திரையும் மாஜிஸ்திரேட் கையெழுத்தும் பெற்று, பல பிரதிகளாகத் தயாராக வேண்டும்.

இங்கே ஒரு விதியையும் நினைவில் வைக்க வேண்டும். எந்தச் செயலுக்காக ஆளைக் கேட்கிறோமோ அது இரு நாடுகளிலும் குற்றமாக இருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டு சிறைத்தண்டனைக்குரியதாகவும் இருக்க வேண்டும். இங்கே குற்றம், அங்கே குற்றமல்ல என்றால் கட்டு எவ்வளவு கனமாக இருந்தும் பயனில்லை.

கட்டு போகும் வழி

பாதிக்கப்பட்டவர் நேரே டெல்லிக்கு மனு எழுதி, இன்னாரைப் பிடித்துத் தாருங்கள் என்று கேட்க முடியாது. கேட்டாலும் நடவடிக்கை எடுக்கமாட்டார்கள். கோரிக்கை போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கி, கோர்ட் வழியாக, மாநில உள்துறைக்குப் போகிறது. அங்கிருந்து மத்திய உள்துறை. பிறகு வெளியுறவு அமைச்சகம். டெல்லி பாட்டியாலா ஹவுஸ் இணைப்புக் கட்டிடத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே வழக்கறிஞர்கள் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். குறை இருந்தால் வந்த வழியே திரும்பும். நம்மூர் ஆபீஸ்களில் 'குறிப்பு எழுதித் திருப்பிவிட்டார்கள்' என்போமே, அதுதான். குறை இல்லையென்றால், எதிரி இருக்கும் நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்குப் போய், தூதர் மூலம் அந்த நாட்டு அரசாங்கத்தின் கையில் சேரும்.

அவசரமானால் என்ன செய்வது? கட்டு தயாராவதற்குள் எதிரி வேறு நாட்டுக்கு ஓடிவிடலாம் அல்லவா? அதற்காக முதலில் தற்காலிகக் கைது கேட்கலாம். 1992-ல் பிரிட்டனோடும் 1997-ல் அமெரிக்காவோடும் நாம் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் இதற்கு இடமுண்டு. ஆனால் 60 நாட்களுக்குள் முழுக் கட்டும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் எதிரியை வெளியே விட்டுவிடலாம். அந்த 60 நாட்களில் குமாஸ்தா, டைப்பிஸ்ட், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் படும் பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

'இன்டர்போல் சிவப்பு அறிவிப்பு' என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். அது சி.பி.ஐ. மூலமாகப் போகும் கோரிக்கை. ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துத் தடுத்து வைக்க உதவும். ஆனால் அதைக் காட்டி மட்டும் ஆளைக் கொண்டுவந்துவிட முடியாது. அதற்குக் கட்டுதான் வேண்டும்.

ஒரு உத்தரவு இல்லாமற்போனதால்

கட்டில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு போபர்ஸ் வழக்கு உதாரணம். அதில் தேடப்பட்ட இத்தாலிய வியாபாரி ஒட்டாவியோ குவாட்ரோக்கி 2007 பிப்ரவரி 6-ந் தேதி அர்ஜென்டினாவில் பிடிபட்டார். இந்தியாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் அப்போது தனி ஒப்பந்தம் இல்லை. 1889-ல் பிரிட்டன் அந்த நாட்டோடு செய்த பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துத்தான் கோரிக்கை அனுப்பினார்கள். காகிதங்களை ஸ்பானிய மொழியில் பெயர்த்தார்கள். ஜூன் மாதம் அங்குள்ள கோர்ட் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. கைதுக்கு அடிப்படையான முக்கியமான கோர்ட் உத்தரவு முறையாக முன்வைக்கப்படவில்லை என்பது ஒரு காரணம். அப்பீல் செய்யலாம் என்றால், ஸ்பானிய மொழியில் இருந்த தீர்ப்பின் மொழிபெயர்ப்பு கிடைப்பதில் தாமதம். அப்பீல் நடக்கவில்லை. 2011-ல் டெல்லி கோர்ட்டே அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. 2013-ல் அவர் காலமானார்.

அவர் குற்றவாளியா நிரபராதியா என்பது வேறு விஷயம். அதை விசாரித்துச் சொல்ல வேண்டியது இந்தியக் கோர்ட். அந்த விசாரணைக்கு அவர் வராமலே போனதற்குக் காகிதக் குறையும் ஒரு காரணமாயிற்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

லிஸ்பனுக்குப் போன கட்டு

அபு சலீம் விஷயத்திலும் தொடக்கத்தில் கையில் ஒப்பந்தம் இல்லை. போர்ச்சுகலோடு நாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே 2007-ல்தான். ஆகவே பயங்கரவாதக் குண்டுவெடிப்புகளைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையை ஆதாரமாகக் காட்டினார்கள். நீங்கள் கேட்டால் நாங்களும் தருவோம் என்ற பரஸ்பர உறுதியும் கொடுத்தார்கள். 2002 டிசம்பர் 13-ந் தேதி, இந்தியக் கைதி ஒப்படைப்புச் சட்டம் போர்ச்சுகலுக்கும் செல்லும் என்று அரசாங்கம் அறிவிக்கை வெளியிட்டது. சில நாட்களில் வெளியுறவு இணையமைச்சர் கையெழுத்துடன், 9 வழக்குகளுக்கான கோரிக்கை லிஸ்பனுக்குப் போயிற்று.

ஆனால் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. போர்ச்சுகல், சாதாரணக் குற்றங்களுக்கு மரண தண்டனையை 1867-லேயே ஒழித்த நாடு. ஆயுள் தண்டனையும் அங்கே கிடையாது. இத்தகைய தண்டனை கிடைக்கக்கூடிய இடத்துக்கு அவர்கள் ஆளை அனுப்பமாட்டார்கள். இந்தியாவிலோ குண்டுவெடிப்பு வழக்கில் தூக்குத் தண்டனைக்கே இடமுண்டு.

ஆகவே கட்டோடு இன்னொரு காகிதமும் போயிற்று. 2002 டிசம்பர் 17-ந் தேதியிட்ட அந்தக் காகிதத்தில் அன்றைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி கையெழுத்திட்டிருந்தார். ஒப்படைத்தால் மரண தண்டனையும் கொடுக்கமாட்டோம், 25 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலும் வைக்கமாட்டோம் என்பது அதன் சாரம். 2003 மே மாதம் லிஸ்பனிலிருந்த நம் தூதரும் ஓர் உறுதி எழுதிக் கொடுத்தார். எந்தக் குற்றங்களுக்காகக் கேட்கிறோமோ அவற்றுக்கு அப்பால் வழக்கு நடத்தமாட்டோம், மூன்றாவது நாட்டுக்கு அவரைக் கொடுக்கமாட்டோம் என்று அதில் இருந்தது.

போர்ச்சுகல் கோர்ட்டுகள் படிப்படியாக விசாரித்தன. 2005 ஜனவரி 27-ந் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒப்படைக்கச் சம்மதித்தது. 2005 நவம்பர் 11-ந் தேதி அபு சலீமும் மோனிகா பேடியும் இந்திய மண்ணில் இறங்கினார்கள். பிடிபட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் மூன்று ஆண்டுகளுக்கும் மேல்.

எழுதிக் கொடுத்த வார்த்தை

ஆள் வந்துவிட்டார், இனிக் காகிதத்துக்கு என்ன வேலை என்று நினைத்தால் அது தவறு. அதன் பிறகுதான் அந்தக் காகிதம் முழு பலத்தையும் காட்டிற்று.

பம்பாய் வழக்கில் அவர் மீது மேலும் சில பிரிவுகள் சேர்க்கப்பட்டன. இவை ஒப்படைப்பு உத்தரவில் இல்லாதவை என்று அவர் ஆட்சேபித்தார். நம் சட்டத்தின் 21-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒப்படைத்த குற்றத்துக்கு மட்டும் விசாரிக்கலாம். அதே சம்பவங்களிலிருந்து வெளிப்படும் சிறிய குற்றங்களுக்கும் விசாரிக்கலாம். 2010 செப்டம்பர் 10-ந் தேதி நம் உச்ச நீதிமன்றம், நம் ஈரோட்டுக்காரரான நீதிபதி பி. சதாசிவமும் நீதிபதி ஏ.கே. கங்குலியும் கொண்ட பெஞ்ச், சேர்த்த பிரிவுகள் அந்த வரம்புக்குள் அடங்குபவையே என்று தீர்ப்பளித்தது.

போர்ச்சுகலில் வேறு முடிவு வந்தது. 2011-ல் லிஸ்பன் மேல் கோர்ட், இந்தியா நிபந்தனையை மீறிவிட்டது, ஆகவே ஒப்படைப்புக்குக் கொடுத்த அனுமதியே ரத்து என்று சொல்லிற்று. இந்தியா செய்த அப்பீலும் 2012 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று. கடைசியில் சி.பி.ஐ.யே நம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், சேர்த்த பிரிவுகளைத் திரும்பப் பெற அனுமதி கேட்டது. 2013 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது.

பிறகு தண்டனை. 2015-ல் ஒரு கொலை வழக்கிலும், 2017 செப்டம்பர் 7-ந் தேதி குண்டுவெடிப்பு வழக்கிலும் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்படியானால் அந்த 25 ஆண்டு வாக்குறுதி என்ன ஆவது? அரசாங்கம் எழுதிக் கொடுத்தது கோர்ட்டைக் கட்டுமா? இந்தக் கேள்விக்கு 2022 ஜூலை 11-ந் தேதி உச்ச நீதிமன்றம் விடை கூறிற்று. நீதிபதிகள் எஸ்.கே. கவுல், எம்.எம். சுந்தரேஷ் ஆகியோர் கொண்ட பெஞ்ச் அது. கோர்ட் விதிக்கும் தண்டனையை அரசாங்கத்தின் வாக்குறுதி கட்டுப்படுத்தாது. ஆனால் அரசாங்கம் தன் வாக்கைக் காப்பாற்றியே தீர வேண்டும். 2005 அக்டோபர் 12 முதல் 25 ஆண்டுகள் கணக்கிட்டு, அது முடிந்ததும் ஒரு மாதத்துக்குள் ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்லவோ, தண்டனையைத் தானே குறைக்கவோ வேண்டும் என்பது தீர்ப்பு.

இதைக் கேட்டு மனம் கொதிப்பவர்கள் உண்டு. 257 உயிர்கள் போயின. அந்தக் குடும்பங்களுக்கு 25 ஆண்டு என்பது நியாயமா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தகப்பனையோ பிள்ளையையோ இழந்தவர்களிடம் போய், வாக்குறுதி முக்கியம் என்று சொல்வது எளிதல்ல. ஆனால் அந்த ஒரு காகிதத்தில் கையெழுத்து விழுந்திராவிட்டால், அவர் இந்தியக் கோர்ட்டில் நின்றிருக்கவே மாட்டார். லிஸ்பன் சிறையில் பொய்ப் பத்திரக் குற்றத்துக்கான தண்டனை முடிந்ததும், வந்த கதவு வழியே வெளியே போயிருப்பார். இன்னொன்றும் உண்டு. கொடுத்த வாக்கை இந்தியா ஒருமுறை மீறினால், அடுத்த முறை வேறொரு நாட்டில் நாம் வேறொரு எதிரியைக் கேட்கும்போது, நம் கட்டை யார் நம்புவார்கள்? நம் கோர்ட்டில் இன்னும் பதில் கிடைக்காத எத்தனையோ குடும்பங்களின் வழக்கு அந்த நம்பிக்கையில்தான் தொங்குகிறது.

ஐதராபாத் தீர்ப்பு

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். கர்நூல் பாஸ்போர்ட் வழக்கை ஐதராபாத் சி.பி.ஐ. கோர்ட் விசாரித்தது. 2006 செப்டம்பரில் மோனிகா பேடிக்கு 5 ஆண்டு சிறை விதித்தது. ஆந்திர ஹைகோர்ட் அதை 3 ஆண்டாகக் குறைத்தது. 2010 நவம்பரில் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே போதும் என்றது. 2013 நவம்பரில் அபு சலீமுக்கு இந்த வழக்கில் 7 ஆண்டு சிறை கிடைத்தது.

பத்திரிகைகள் நடிகையின் படத்தைப் போட்டன. ஆனால் அந்த வழக்கில் எதிரிகளாக நின்றவர்கள் பம்பாய்க்காரர்கள் மட்டுமல்ல. விலாசத்தைச் சரிபார்த்ததாக எழுதிய போலீஸ்காரரும், பாஸ்போர்ட்டைப் பட்டுவாடா செய்த தபால்காரரும் அதே கூண்டில் நின்றார்கள். மாதச் சம்பளக்காரர்கள். நம்மைப் போன்றவர்கள். அவர்கள் குண்டு வைக்கவில்லை. ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள், ஒரு கவரைக் கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்துதான் தேடப்படும் ஒருவரை ராமில் கமில் மாலிக்காக மாற்றிக் கடல் தாண்ட வைத்தது. அவரைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணைப் பிரதமர், ஒரு தூதர், இரண்டு நாடுகளின் உச்ச நீதிமன்றங்கள் என்று எத்தனை பேர் எத்தனை கையெழுத்துப் போட வேண்டியிருந்தது!

நமக்குள்ள பாடம்

வளைகுடாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கட்ட வைத்துவிட்டு ஏஜெண்டு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வது உண்டு. நகைச் சீட்டு நடத்தியவர் குடும்பத்தோடு மாயமாவதும் உண்டு. மல்காஜ்கிரியிலும் மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கும் இது நேரலாம். அப்போது செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

புகார் கொடுக்கத் தாமதிக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் ஒன்றை இலவசமாகப் பெற்றுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அதில் எதிரியின் முழுப் பெயரும், தகப்பனார் பெயரும், வேறு பெயர்கள் இருந்தால் அவையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவருடைய போட்டோ, பாஸ்போர்ட் நகல், பாங்க் ரசீது, எழுதிக் கொடுத்த கடிதம் ஆகிய எதையும் தூக்கி எறியாதீர்கள். ஆள் இருக்கும் நாடும் விலாசமும் தெரிந்தால் எழுத்து மூலம் போலீஸுக்குத் தெரிவியுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோர்ட் வாரண்டு பிறப்பித்துவிட்டால், பாஸ்போர்ட்டை முடக்கும்படியும் ஒப்படைப்புக் கோரிக்கை அனுப்பும்படியும் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்கலாம். கோரிக்கை அனுப்புவதும் அனுப்பாததும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. ஆனால் கட்டின் முதல் பக்கம் உங்கள் புகார்தான். அதில் வரும் பிழை கடைசிப் பக்கம் வரை கூடவே போகும்.

இதைப் படிப்பவர்களில் கோர்ட்டிலும் தபால் ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் வேலை பார்ப்பவர்கள் இருப்பார்கள். ஒரு நகலில் 'அசலோடு ஒத்துப் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன், உண்மையிலேயே ஒத்துப் பாருங்கள். அந்தக் காகிதம் நாளை எந்த ஊர் நீதிபதியின் மேஜைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.